இடுப்புப் பை

பை தைக்கும் கூடத்தில் அவருக்கு ஜிப்பண்ணன் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். பயணப் பைகளுக்கு ஜிப் வைப்பது அவர் வேலை என்பது ஒரு காரணம். மனுஷர் வாயைத் திறக்கமாட்டார் என்பது இன்னொரு காரணம். பசி, வலி, பாசம், கோபம், எதுவானாலும் உள்ளே போட்டு இழுத்து மூடிவிடுவார்.

வாயோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. கூடத்தில் முப்பது பேருக்கு ஒரே கழிப்பறை. பசை காய்ச்சும் அறையைத் தாண்டிக் கோடியில் இருந்தது. தாழ்ப்பாள் சரியாக விழாது. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டுதான் காரியத்தைப் பார்க்கவேண்டும். எழுந்து போனால் வரிசையாக எல்லா மெஷினையும் தாண்டித்தான் போகவேண்டும், எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். கூச்ச சுபாவம் பிடித்த மனுஷருக்கு இது ஆகிற காரியமா? வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார். வருகிற அவசரத்தை அடக்கினார். இப்படியே வருஷக் கணக்கில் அடக்கி அடக்கி, கடைசியில் அந்த அவசரத்துக்கே ரோஷம் வந்துவிட்டது போல, கூப்பிட்டாலும் வருவதில்லை. காலையில் அவர் கழிப்பறையில் உட்கார்ந்து முக்குகிற முக்கில் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து வெளியே வருவார்.

அடிவயிற்றில் இடதுபக்கம் அவ்வப்போது பிடித்து இழுக்க ஆரம்பித்தது. மணிக்கட்டு வலிக்கு அவர் போட்டுக்கொள்ளும் மாத்திரையையே அதற்கும் சேர்த்துப் போட்டுக்கொண்டார். மனைவி பார்த்துப் பார்த்துப் பொறுமை இழந்து, ஒருநாள் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, குழாய் விட்டுக் குடலைப் பார்த்துவிடலாம் என்றார். அதற்கு முந்தின நாள், குடலைக் காலி பண்ணக் குடிக்கக் கொடுத்த மருந்து, அவர் அத்தனை வருஷம் அடக்கி வைத்ததற்கெல்லாம் சேர்த்து வசூல் பண்ணிவிட்டது. மறுநாள் மயக்க ஊசி போட்டார்கள். எழுந்தபோது ஒரு கட்டிலில் கிடந்தார். பக்கத்துக் கட்டிலுக்கு நடுவே ஒரு திரை. மனைவி மருந்து வாங்கும் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

டாக்டரம்மா குனிந்து, "ஐயா, கேக்குதா? குடல்ல அங்கங்க சின்னச் சின்னதாப் பை இருக்கு. அடுத்த மாசம் வாங்க, பயப்படாதீங்க…" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஜிப்பண்ணனுக்கு இமை சொருகியது. மீண்டும் காது திறந்தபோது திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு நர்ஸின் குரல் கேட்டது.

"பையை வயித்துல ஒட்டியாச்சு. இனி மலம் இதுலதான் சேரும், நெறைஞ்சா கழட்டி மாத்திக்கணும். கொஞ்ச நாள்ல பழகிடும்."

அந்தக் குரல் பேசியது பக்கத்துக் கட்டில்காரரிடம். ஆனால் நம்மாள் தைத்துப் பிழைக்கிறவர் அல்லவா? இங்கே கேட்டதையும் அங்கே கேட்டதையும் சேர்த்து வைத்து ஒரே தையலாகப் போட்டுவிட்டார். குடலில் பை வந்திருக்கிறது. அடுத்தமுறை வயிற்றிலும் பை வைக்கப்போகிறார்கள். போர்வைக்குள் கையை விட்டு வயிற்றைத் தடவிப் பார்த்தார்.

மனைவி வந்தாள். "என்னங்க சொன்னாங்க?"

"ஒண்ணுமில்ல. வயசானா வர்றதாம். அடுத்த மாசம் வரச் சொல்லியிருக்காங்க."

"பேரு ஒண்ணும் சொல்லலையா?"

"ஏதோ சொன்னாங்க. நீளமா."

மனைவி கையிலிருந்த தாளைப் பார்த்து, "டைவர்… டைவர்டிகு…" என்று எழுத்துக்கூட்டிப் பாதியில் விட்டுவிட்டாள். அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் வழக்கம்போல ஒன்றும் தெரியவில்லை.

இதே நேரத்தில் வீட்டில் இன்னொரு விஷயம் நடந்துகொண்டிருந்தது. அவர்களுடைய ஒரே மகள் வேறு ஊரில், மாமியார் வீட்டில், நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். தலைப்பிரசவம், ஆனாலும் அங்கேயே என்று முடிவாகியிருந்தது. இரண்டு பேரும் ரயிலில் போய், குழந்தை பிறக்கிறவரைக்கும் அவளோடு இருப்பதாக ஏற்பாடு. டிக்கெட் கூட எடுத்தாகிவிட்டது.

மகள் தானே பார்த்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டவள். அன்று அவர் குதிக்கவில்லை, கத்தவில்லை. பேசுவதை நிறுத்தினார், அவ்வளவுதான். பிறகு கோபம் கரைந்துபோனது. ஆனால் கரைந்துபோனது என்று அவளிடம் யார் சொல்வது? அதற்கு வாய் வேண்டுமே! அவளும் ஒரு காரியம் செய்தாள். பிறந்ததிலிருந்து "வா, போ, நீ" என்று அப்பாவைப் பேசியவள், அதற்குப் பிறகு "நீங்க" என்று பேச ஆரம்பித்தாள். கேட்கிறவர்களுக்கு அது மரியாதை. அவருக்கு அது முள். ஒவ்வொரு "நீங்க"வும் அவரை வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்துப் பேசுவது போலிருந்தது. மகள் வீட்டு வாசற்படியை அவர் இதுவரை மிதித்ததில்லை. இந்தப் பிரசவத்தை விட்டால் அதற்கு வேறு சந்தர்ப்பம் இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

தெரிந்தும் ஒருநாள் மாலை, "நான் வரல. நீ மட்டும் போ" என்று மனைவியிடம் சொல்லிவிட்டார்.

வயிற்றில் பையை ஒட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டில் எப்படி இருப்பது? நிறைந்தால் எங்கே போய் மாற்றுவது? பக்கத்தில் உட்கார்ந்தால் நாற்றம் வருமா? இதையெல்லாம் யாரிடம் கேட்பது? மனதுக்குள்ளேயே கேட்டு மனதுக்குள்ளேயே பதில் சொல்லிக்கொண்டார். எல்லாப் பதிலும் போகாதே என்றே வந்தது.

"மக மேல இன்னும் கோவம் தீரலையா உங்களுக்கு?" என்றாள் மனைவி.

இல்லை என்று சொன்னால் பிறகு ஏன் என்று கேட்பாள். அவர் பேசாமல் இருந்தார். மனைவி அந்த மௌனத்தையே பதிலாக எடுத்துக்கொண்டாள். போனில் மகளிடம் வேலை இருக்கிறது, லீவு கிடைக்கவில்லை என்று பூசி மெழுகினாள். "சரிம்மா. அவங்களைக் கட்டாயப்படுத்தாத" என்று மகள் சொன்னது ஸ்பீக்கரில் அவர் காதிலும் விழுந்தது. அவங்களை! அவர் எழுந்து அடுத்த அறைக்குப் போய், சும்மா ஜன்னலைத் திறந்து மூடினார்.

சாப்பாட்டிலும் மனுஷர் தன் தொழில்புத்தியைக் காட்டினார். பை என்றால் என்ன? நிறைத்தால் தையல் விடும். நிறைக்காவிட்டால் பிழைக்கும். ஆகவே காய் வேண்டாம், பழம் வேண்டாம், பயறு கிட்டேயே வரக்கூடாது. சக்கை சேர்ந்தால் பை புடைக்கும். வெறும் வெள்ளை ரொட்டி, பால். ஏற்கெனவே தண்ணீர் குடிக்காத உடம்பு. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அவர் பையைக் காப்பாற்றப் பார்க்க, உள்ளே எல்லாம் கல்லாக இறுகி, முக்கல் முன்னைவிட இரண்டு மடங்கானது. மனைவி ஆக்கிவைத்த கறியும் கூட்டும் தட்டில் அப்படியே கிடந்தன. தன் மேலும் கோபம் போல என்று அவள் நினைத்துக்கொண்டாள். பாவம், அவள் என்ன பண்ணுவாள்?

கூடத்தில் மதிய இடைவேளையில் எல்லோரும் சாப்பிடப் போனதும், ஜிப்பண்ணன் தனியாக ஒரு வேலை பண்ணினார். பை வருவது நிச்சயம் என்றால் அதை மறைக்க நல்லதாக ஒரு உறை வேண்டும் இல்லையா? இடுப்பில் கட்டிக்கொள்கிற மாதிரி அகலமான பட்டை, முன்பக்கம் ஒரு உறை, உள்ளே நீர் கசியாத துணி, வெளியே மெல்லிய கேன்வாஸ். சத்தமில்லாமல் திறந்து மூடும் ஜிப் ஒன்றை நூற்றில் ஒன்றாகப் பொறுக்கி எடுத்தார். பிறருக்கு ஆயிரக்கணக்கில் தைத்த கை, தனக்கென்று தைத்த முதல் பை அதுதான். ஓரத் தையலை இரண்டு தடவை பிரித்துத் திரும்பப் போட்டார்.

துணி வெட்டும் கட்டிங் அக்கா டிபன் டப்பாவோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன ஜிப்பண்ணே, புது மாடலா? யாருக்கு?"

"தெரிஞ்சவருக்கு."

"வயித்துக்கு முன்னால பை தொங்குதே. உங்க தெரிஞ்சவர் என்ன, கங்காருவா?"

அவர் சிரிக்கவில்லை. கட்டிங் அக்காவும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் மடித்த சட்டைகளுக்கு அடியில் வைத்தார். மனைவி பயணத்துக்குத் துணி எடுத்து வைக்கும்போது அது கையில் சிக்கிவிட்டது. அவர் வேலை முடிந்து உள்ளே நுழைகிறார், அவள் அதைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக நிற்கிறாள்.

"ஏங்க! மனசுக்குள்ள இவ்வளவு ஆசைய வெச்சுக்கிட்டா வரலைன்னு சொன்னீங்க? பயணத்துக்குப் பையே தெச்சுட்டீங்களே! டிக்கெட்டு, போனு எல்லாம் இதுல வெச்சுக்கலாம். நான் அவகிட்ட சொல்லிட்டேன், அப்பா வர்றாருடின்னு. அழுதுட்டா தெரியுமா?"

ஜிப்பண்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அது பயணத்துக்கு இல்ல."

"பின்ன?"

"எனக்கு வயித்துல பை வைக்கப்போறாங்க. அத மறைக்க."

மனைவியின் கை ஜிப்பிலேயே நின்றுவிட்டது. பிறகு அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினாள். ரொட்டி, பால், திரை, நர்ஸ், எல்லாம் வந்தது. முழுக்கக் கேட்டுவிட்டு அவளுக்குப் பயமும் வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் முந்திக்கொண்டது.

"இத்தனை நாளா இத உள்ள வெச்சுக்கிட்டு நீங்க மட்டும் செத்துச் செத்துப் பொழச்சீங்களா? நான் எதுக்கு இருக்கேன் இந்த வீட்டுல, நாற்காலி மேசையாட்டம்? கெளம்புங்க காலையில!"

மறுநாள் டாக்டரம்மா இருவரும் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்டார். இடுப்புப் பையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை, அதற்காகவே ஜிப்பண்ணனுக்கு அவரைப் பிடித்துப்போனது.

"மயக்கம் தெளியாதவர்கிட்ட சொன்னது என் தப்பு. அம்மா வந்தப்புறம் சொல்லியிருக்கணும்," என்றார். "ஐயா, உங்களுக்கு யாரும் பை வைக்கப் போறதில்ல. பக்கத்துல இருந்தவருக்கு வேற வியாதி. அவரும் அந்தப் பையோட நல்லபடியா வேலைக்குப் போகலாம், அது வேற விஷயம். உங்களுக்கு இருக்கறது குடல் சுவர்லயே தானா வந்த குட்டிப் பைங்க. பட்டாணி அளவுதான். தாள்ல டைவர்டிகுலோசிஸ்னு எழுதியிருக்கறது அதத்தான்."

"தானா எப்படிங்க வரும்?"

"குடல் சுவர்ல ரத்தக்குழாய் நுழையற இடம் கொஞ்சம் பலவீனமா இருக்கும். உள்ள அழுத்தம் ஏற ஏற, உள்தோலு அந்த எடத்துல வெளிப்பக்கமாத் தள்ளிக்கும்."

ஜிப்பண்ணன் யோசித்தார். "ஊசி போன ஓட்டை பெருசாகி, அது வழியா லைனிங் பிதுங்குமே, அந்த மாதிரி?"

"அதேதான்."

"அப்ப நெறைச்சா கிழியுமே. அதனாலதான் நான் ரொட்டி மட்டும்…"

"அங்கதான் தலைகீழாப் பண்ணிட்டீங்க. சக்கை இல்லாத சாப்பாடு, தண்ணியும் இல்ல, வந்தா அடக்கறது. உள்ள இருக்கறது கல்லா இறுகிடுது. அதத் தள்ள குடல் ரொம்பப் பாடுபடணும், நீங்களும் முக்கணும். அழுத்தம் ஏறுது. காய், பழம், பயறு, தவிட்டோட இருக்கற தானியம், இதெல்லாம் தண்ணியோட சேர்ந்தா எல்லாம் இளகி சுலபமாப் போகும். ஆனா ஒரே நாள்ல அள்ளிப் போட்டுக்காதீங்க, வயிறு ஊதிக்கும். கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க. தினம் நடங்க."

"விதை, கடலை எல்லாம் பையில போய் மாட்டிக்குமாமே?" என்றாள் மனைவி. அவள் இதற்குள் பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டிருந்தாள்.

"முன்னாடி அப்படிச் சொல்லுவாங்க. இப்ப அதுக்கெல்லாம் பயப்பட வேண்டியதில்ல. நல்லா மென்னு சாப்பிடட்டும். முக்கியமா, அவசரம் வந்தா அடக்கக்கூடாது. மணிக்கட்டு வலி மாத்திரைய நீங்களா போடாதீங்க, அது இதுக்கு நல்லதில்ல, வேற பாத்துத் தர்றேன்."

"இந்தப் பைங்க போயிடுமாங்க?"

"போகாது. ஆனா இது புத்துநோய் இல்ல, அதைத்தான் முதல்ல பாத்துட்டோம். உங்க வயசுல எத்தனையோ பேருக்கு இருக்கு, நெறையப் பேருக்கு அது இருக்கறதே தெரியாது. காய்ச்சலோட இடதுபக்கம் விடாம வலிச்சாலோ, மலத்துல ரத்தம் வந்தாலோ மட்டும் ஒரு நிமிஷமும் யோசிக்காம ஓடி வந்துடணும். வெக்கப்பட்டுக்கிட்டு வீட்ல உக்காரக்கூடாது. புரியுதா?"

"ரயில்ல போகலாமுங்களா?" என்று அவர் கேட்டார். அவராக வாயைத் திறந்து கேட்டார்.

"தாராளமா. தண்ணி பாட்டில் எடுத்துட்டுப் போங்க. இந்தப் பையில வெச்சுக்குங்களேன், அழகா இருக்கு."

டாக்டரம்மா வயிற்றில் பாலை வார்த்தார். இருவரும் வெளியே வந்து மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வெயில் இதமாக இருந்தது. மனைவி போனை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"அவகிட்ட நீங்களே சொல்லுங்க."

"நீயே சொல்லிடேன்."

"மாட்டேன். மறுபடியும் பொய் சொல்லி என்னால பூசி மெழுக முடியாது."

"பொண்ணுகிட்ட போய் அந்த விஷயத்தயெல்லாம் எப்படி…"

"அப்ப அவ கோவம்னே நெனச்சுக்கட்டும். பேரப் புள்ளைகிட்டயும் தாத்தா கோவக்காரர்னு சொல்லி வளக்கட்டும்."

அவர் நம்பரை அழுத்தினார். கல்யாணத்துக்குப் பிறகு அவராக மகளைக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. அந்தப் பக்கம் எடுத்ததும், "அப்பா? அம்மாவுக்கு என்ன ஆச்சு?" என்று ஒரு பதறல்.

"அம்மாவுக்கு ஒண்ணுமில்ல. பக்கத்துலதான் இருக்கா."

"உங்களுக்கு ஏதாவதா?"

உங்களுக்கு. அவர் போனை மனைவி பக்கம் நீட்டினார். அவள் அவர் தொடையில் கிள்ளினாள்.

"எனக்கு… ஒழுங்கா வெளிய போறதில்லம்மா."

"ஏன், நடக்க முடியலையா? கால் வலியா? எத்தன நாளா வெளிய போகல?"

"அந்த வெளிய இல்லம்மா."

"பின்ன எந்த வெளிய?"

"கக்கூஸ்!" என்றார் ஜிப்பண்ணன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டார். அடுத்த பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும். ஒரு தடவை திறந்தபிறகு பாதியில் எப்படி நிறுத்துவது? முக்கினது, குழாய் விட்டது, திரைக்கு அந்தப் பக்கத்துக் குரல், ரொட்டி, கங்காரு, அலமாரி, எல்லாவற்றையும் கொட்டினார். கடைசியில், "அதனாலதான் வரலைன்னு சொன்னேன். வேற ஒண்ணும் இல்ல. கோவம் எல்லாம் என்னைக்கோ போயிடுச்சும்மா. சொல்லத்தான் தெரியல" என்றார்.

அந்தப் பக்கம் ஒரு விசும்பல் கேட்டது. அது அழுகையா சிரிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"லூசாப்பா நீ?" என்றாள் மகள்.

அதற்குப் பிறகு அவள் என்னென்னவோ சொன்னாள். அவருக்கு அந்த "நீ" மட்டும்தான் காதில் நின்றது. கண்ணில் தண்ணீர் முட்டியது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

"நான் இங்க அழுது அழுது கண்ணு வீங்கிப் போயிருக்கேன், கடைசில பாத்தா கக்கூஸா? அப்பா, கேக்குதா? எனக்கும் அதேதான்ப்பா. மாசக் கணக்கா. வயித்துல புள்ள இருந்தா அப்படித்தான் ஆகுமாம். டாக்டர்கிட்ட சொல்ல வெக்கமா இருக்கு."

"அப்பன் புத்தி அப்படியே," என்றாள் பக்கத்தில் மனைவி.

"சொல்லிடும்மா," என்றார் அவர். "இன்னைக்கே போய்ச் சொல்லிடு. தண்ணி குடிக்கிறியா? பழம் சாப்பிடறியா? வந்தா அடக்காத என்ன." அப்பாவும் மகளும் அவ்வளவு நேரம் பேசி மனைவி பார்த்ததே இல்லை. பேசினதெல்லாம் மலத்தைப் பற்றித்தான். இருந்தாலும் அவள் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

ரயில் ஏறும்வரை இருந்த நாட்களில் கூடத்திலும் ஒரு மாற்றம் நடந்தது. ஜிப்பண்ணன் தன் மெஷின் பக்கத்தில் தண்ணீர் பாட்டில் வைத்தார். கழிப்பறைத் தாழ்ப்பாளைத் தானே கழற்றி வேறு மாட்டினார். வரிசையாக எல்லா மெஷினையும் தாண்டி நடந்து போனார். "எங்கண்ணே பயணம்?" என்று கட்டிங் அக்கா கேட்டால், "வெளியூருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். முதலில் கொஞ்ச நாள் பயறு தன் வேலையைக் காட்டி, அவர் பக்கத்து மெஷின்காரர் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டது உண்மைதான். பிறகு அதுவும் அடங்கியது. இடதுபக்க இழுப்பு குறைந்தது. முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமுடியாது; ஆனால் வயிற்றைத் தடவிப் பார்க்காமல் அவரால் ஒரு பொழுதைக் கழிக்க முடிந்தது.

மகள் வீட்டு வாசலில் இறங்கியபோது காலை வெளிச்சம் படியில் விழுந்திருந்தது. சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் வரவேற்க நின்றார்கள். மாப்பிள்ளை வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். ஜிப்பண்ணன் இடுப்பில் அந்தப் பட்டையோடு, முதல் படியில் காலை வைக்கலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றார்.

மகள் வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"காலையில போனியாப்பா?"

சம்பந்தியம்மா புரியாமல், "எங்க போகணும்? இப்பத்தானே வந்து எறங்கறாரு?" என்றார்.

"கக்கூஸுக்குங்க," என்று சம்பந்தியம்மாவிடம் பணிவாகச் சொல்லிவிட்டு, மகள் பக்கம் திரும்பினார் ஜிப்பண்ணன். "போனேம்மா. ரயில்லயே. உனக்கு?"

"இன்னும் இல்லப்பா," என்று முகத்தைச் சுளித்தாள் மகள்.

அவர் இடுப்புப் பையின் ஜிப்பைத் திறந்தார். தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி அவள் கையில் கொடுத்தபடியே படியேறினார்.